எத்தனை வருஷம் விளையாட முடியும்?



பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை அவருக்கு. வீட்டுக்காரர் டேனரிக்குப் போகிறார். மகன் பிளஸ் ஒன். நல்ல உயரம், நல்ல உடம்பு. போனில் அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்தவன், இப்போது லைன்பேக்கர் ஆகப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம்.

“இதெல்லாம் ஒரு வேலையாங்க? வேணாம்னு சொன்னா பையன் மனசு ஒடிஞ்சிடுவானோன்னு இருக்கு. சரின்னு சொன்னா படிப்பு போயிடுமோன்னு இருக்கு” என்று கேட்கிறார்.

கடிதத்தைப் படித்ததும் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் சொன்ன ஆட்டம் நமக்குப் புதுசு, அவ்வளவுதான். கபடி என்றோ, கிரிக்கெட் என்றோ, வெயிட்லிஃப்டிங் என்றோ வேறு வீடுகளில் இதே பேச்சு தினமும் நடக்கிறது. உடம்பை முதலாகப் போட்டுச் சம்பாதிக்கும் தொழிலுக்குப் பிள்ளையை அனுப்பலாமா, கூடாதா? எந்த அம்மா அப்பாவுக்கு இந்தக் கவலை இல்லை?

அதனால் அந்த வாசகிக்கு மட்டும் பதில் எழுதாமல், எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில், லைன்பேக்கர் யார்?

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒரு நேரத்தில் அணிக்கு 11 பேர் களத்தில் இருப்பார்கள். ஓர் அணி பந்தை முன்னே கொண்டு போகப் பார்க்கும், மற்றது தடுக்கும். தடுக்கிற அணியின் முன்வரிசைக்குப் பின்னால், நடுவில் நிற்பவர்கள்தான் லைன்பேக்கர்கள். நம் கபடியில் ரைடர் கோட்டைத் தொடுவதற்குள் பாய்ந்து மடக்குகிறாரே, அந்த வேலைதான். ஆனால் வருகிறவர் 100 கிலோ எடையோடு முழு வேகத்தில் ஓடி வருவார். மோதி நிறுத்த வேண்டும். மோதல் முடிந்ததும் எழுந்து அடுத்த மோதலுக்கு நிற்க வேண்டும்.

வெறும் உடம்பு போதாது. தடுக்கும் அணியில் ஒருவருடைய ஹெல்மெட்டுக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்க 2008 முதல் சின்ன ரேடியோ வைக்க அனுமதி இருக்கிறது. பெரும்பாலும் அதை அணிந்திருப்பவர் நடு லைன்பேக்கர்தான். அடுத்த தடவை பந்தை நகர்த்தத் தொடங்குவதற்கான கெடுவில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது ரேடியோ தானாக நின்றுவிடும். அதற்குப் பிறகு எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்து, தன் ஆட்களை இடம் மாற்றி நிறுத்துவது அவர் பொறுப்பு. படிப்பு வராதவன் விளையாடப் போகட்டும் என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பேச்சு இங்கே செல்லாது.

சரி, அங்கே போய்ச் சேரும் பாதை எப்படி இருக்கிறது?

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அளவில் சுமார் 10 லட்சம் பிள்ளைகள் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள். அதில் ஒரு சிறு பங்கினர் கல்லூரி அணிகளுக்குப் போகிறார்கள். கல்லூரி அணிகளில் ஆடுபவர்களிலும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்ச் சேருபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. என்.எஃப்.எல். என்ற அந்தப் பெரிய லீக்கில் மொத்தம் 32 அணிகள். ஒவ்வொன்றிலும் 53 பேர். அவ்வளவுதான் இடம்.

ஒரு விதியை மட்டும் கவனியுங்கள். பள்ளி முடித்து மூன்று வருஷம் ஆகாமல் யாரையும் அந்த லீக்கில் எடுக்க மாட்டார்கள். அதனால் ஏறக்குறைய எல்லா வீரர்களும் கல்லூரி வழியாகத்தான் வருகிறார்கள். அத்தனை பணம் புரளும் விளையாட்டிலேயே பாதை கல்லூரி வாசல் வழியாகப் போகிறது. இங்கே நாம் பையனை உட்கார வைத்து, படிப்பா, விளையாட்டா, ஒன்றைச் சொல் என்று மிரட்டுகிறோம். இது நியாயமா?

அந்தப் பாதையில் போய்ச் சேர்ந்த ஓர் இந்திய வம்சாவளிக்காரர் இருக்கிறார். பிராண்டன் சில்லர். அப்பா இந்தியர். பிள்ளை வளர்ந்தது கலிஃபோர்னியாவில். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணியில் ஆடி, 2004-ல் நடந்த வீரர் தேர்வில் நான்காவது சுற்றில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்கு எடுக்கப்பட்டார். நான்கு சீசன் அங்கே. 2008-ல் கிரீன் பே பேக்கர்ஸ். 2009 டிசம்பரில் மேலும் நான்கு வருஷத்துக்கு, பெரிய தொகைக்கு, ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது.

நம் வீட்டில் ஒருவருக்கு அப்படி நடந்தால் என்ன செய்வோம்? இனி கவலையில்லை, செட்டில் ஆகிவிட்டான் என்று ஊருக்கே ஸ்வீட் கொடுப்போம். ஆனால் சில்லருக்கு அடுத்த சீசனிலேயே காயம். பாதி சீசனோடு ஆட்டம் நின்றது. 2011 பிப்ரவரியில் அவருடைய அணி லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்றபோது அவர் களத்தில் இல்லை. அந்த வருஷம் கோடையிலேயே அணி அவரை விடுவித்துவிட்டது. வயது 28. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகை முழுதும் கைக்கு வந்தே தீரும் என்ற உறுதி பெரும்பாலும் கிடையாது. உத்தரவாதம் கொடுத்த பங்கு போக மீதி, அணியில் இருக்கும்வரைதான்.

இத்தனைக்கும் சில்லருடையது நீண்ட பயணம். ஏழு சீசன்! அந்த லீக்கில் ஒரு வீரரின் சராசரி ஆட்டக்காலம் மூன்று வருஷம் சொச்சம் என்று வீரர்களின் சங்கமே சொல்கிறது.

இன்னொரு லைன்பேக்கர், கிறிஸ் போர்லண்ட். 2014-ல் சான் பிரான்சிஸ்கோ அணியில் முதல் சீசன், அதிலேயே பெயர் எடுத்தார். 2015 மார்ச்சில், 24 வயதில், போதும் என்று விலகினார். காரணம், தலை. திரும்பத் திரும்ப மோதுவதால் மூளைக்கு வரும் கேடு பற்றிப் படித்தார், மருத்துவ ஆராய்ச்சியாளர்களிடமும் முன்னாள் வீரர்களிடமும் பேசினார், முடிவெடுத்தார். சேரும்போது வாங்கிய போனஸில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கவும் தயாராக இருந்தார். அதற்கு மூன்று வருஷம் முன்புதான் ஜூனியர் சியோ என்ற மிகப் புகழ்பெற்ற லைன்பேக்கர் தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். 20 சீசன் ஆடியவர். பிறகு அவருடைய மூளையைச் சோதித்ததில் அடிபட்டு வரும் அந்தச் சிதைவு நோய் இருந்தது தெரிந்தது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. போர்லண்டால் 24 வயதில் எப்படி விலக முடிந்தது என்பதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். கையில் பட்டம் இருந்தது, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவர். வேறு வழி இல்லாதவனுக்கு ‘போதும்’ என்று சொல்லும் துணிச்சல் எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில் நம் தோல் பூமிக்காரர்களுக்குப் பிடித்த ஒரு சங்கதி. அந்தப் பந்து எதில் செய்கிறார்கள் தெரியுமா? மாட்டுத் தோலில். சிகாகோவில் ஹார்வீன் என்ற பழைய டேனரி தோலைப் பதனிட்டு அனுப்புகிறது. ஒஹாயோ மாநிலத்தில் ஏடா என்ற சின்ன ஊரில் வில்சன் கம்பெனி அதைப் பந்தாக்குகிறது. நான்கு துண்டாக வெட்டி, உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி தைத்து, ஆவி காட்டி இளக்கி, லேஸ் போடும் அந்தச் சின்ன வாய் வழியாக முழுப் பந்தையும் கையால் புரட்டி எடுக்க வேண்டும். அதற்கு என்ன மணிக்கட்டு வேண்டும் என்று ஆம்பூரில் தையல் மிஷினில் உட்காரும் எந்த அக்காவைக் கேட்டாலும் சொல்வார்.

அந்த ஃபேக்டரியில் நாற்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பந்தைத் தைத்தவரின் வேலை நாற்பது வருஷம். அதே பந்துக்காகப் பாய்ந்தவரின் வேலை மூன்று வருஷம். யாருக்குப் புகழ் என்பது வேறு விஷயம். எந்த வீட்டில் மாதக் கணக்கு இடிக்காமல் ஓடியிருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்படியானால் விளையாட்டே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். வேலூரைத் தாண்ட வேண்டாம், சத்துவாச்சாரிக்குப் போவோம்.

சதீஷ் சிவலிங்கம் என்ற பெயரைக் கேட்டதும் இந்தப் பக்கத்தில் எல்லோர் முகமும் மலரும். அப்பா ராணுவத்தில் இருந்தவர், தானும் தேசிய அளவில் எடை தூக்கியவர். பிறகு செக்யூரிட்டி வேலை பார்த்துக் குடும்பம் நடத்தியவர். மகன் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப் பிரிவில் தங்கம் வாங்கினார். ஸ்னாட்ச் முறையில் 149 கிலோ, அந்தப் போட்டிகளில் சாதனை. கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179. மொத்தம் 328. அப்போது வயது 22. அடுத்த வருஷம் அர்ஜுனா விருது. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் 11-ஆம் இடம்.

2018 கோல்டு கோஸ்ட் போட்டிக்கு முன்னால் நடந்ததை எத்தனை பேர் கவனித்திருப்போம்? தேசியப் போட்டியில் 194 கிலோ தூக்கப் போய்த் தொடையில் காயம். உட்கார்ந்து எழுந்தாலே வலி. பதக்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையே போயிருந்தது என்று அவரே பின்னால் சொன்னார். அந்தக் காலோடு போய் 144, 173, மொத்தம் 317 கிலோ தூக்கி இரண்டாவது தங்கத்தைக் கொண்டுவந்தார். இரண்டாவது வந்த இங்கிலாந்துக்காரர் 312.

கூட்டிப் பாருங்கள். நான்கு வருஷம் முன்னால் தூக்கியதைவிட 11 கிலோ குறைவு. 25 வயதிலேயே காயம் உடம்பிடம் தன் கணக்கைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. நமக்குத் தங்கம் தெரிந்தது. அந்த 11 கிலோ வித்தியாசம் அவர் வீட்டாருக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சதீஷுக்குத் தெற்கு ரயில்வேயில் வேலை இருந்தது. கால் வலித்த மாதமும் சம்பளம் வரும். நம் நாட்டில் விளையாட்டுக்காரர் வீட்டில் அடுப்பு அணையாமல் காப்பது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைகள்தான். ரயில்வே, போலீஸ், வங்கி, வருமான வரித் துறை. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. இன்ஜினீயரிங் கவுன்சலிங்கிலும் அவர்களுக்கென்று 500 இடங்கள் உண்டு. அமெரிக்கப் பையன் கையில் கோடிகளை வாங்கி 28 வயதில் வெளியே நிற்கிறான். நம் பையனுக்குக் கோடி இல்லை, ஆனால் கெட்டியாகப் பிடித்தால் 60 வயது வரை ஒரு நாற்காலி இருக்கிறது.

ஆனால் எந்த ஆட்டம் என்பதைப் பார்க்க வேண்டும். சான்றிதழ் அங்கீகரிக்கப்பட்ட போட்டியுடையதாக இருக்க வேண்டும். அமெரிக்கன் ஃபுட்பாலை இந்தியாவுக்குக் கொண்டுவர ஒரு முயற்சி நடந்தது. 2011-ல் ஒரு லீக் அறிவித்தார்கள், நாம் பார்த்த சில்லரும் அதில் பணம் போட்டவர்களில் ஒருவர். முதல் சீசனின் ஆட்டங்கள் 2012-ல் கொழும்பில் நடந்தன. அதற்குப் பிறகு நிலைக்கவில்லை. இன்று நம் நாட்டில் இந்த ஆட்டத்தை நம்பி மாதச் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்த முடியாது. இதைப் பையனிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

கூடவே இன்னொன்றையும் சொல்லலாம். மோதல் இல்லாமல், இடுப்பில் தொங்கும் துணிப் பட்டையைப் பிடுங்கினால் ஆட்டம் நிற்கிற ‘ஃபிளாக் ஃபுட்பால்’ என்று ஒன்று இருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். தலையும் உடையாது, ஆசையும் தீரும். அந்த உயரத்துக்கும் உடம்புக்கும் பளுதூக்கலும் கபடியும் குண்டு எறிதலும் பக்கத்திலேயே காத்திருக்கின்றன.

எந்த விளையாட்டானாலும் சரி, ‘ஊம்’ சொல்வதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வருஷம் ஆட முடியும்? அடிபட்டால் மருத்துவச் செலவும் அந்த மாதச் சாப்பாடும் யார் பொறுப்பு? வெளியே வரும் நாளில் கையில் என்ன இருக்கும்?

திட்டுவதற்காகக் கேட்காதீர்கள். பையனையே பதில் தேடி வரச் சொல்லுங்கள். தேடுகிற பையன் பாதி வளர்ந்துவிட்டான் என்று அர்த்தம்.

இனி நான் சொல்லப்போவது பிள்ளைகளுக்கு இல்லை, பெரியவர்களுக்கு.

இதே மூன்று கேள்வியை நம் வேலையைப் பார்த்து என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

டேனரியில் ஈரத்தோலைத் தூக்கிப் போடும் முதுகு எத்தனை வருஷம் தாங்கும்? விடியற்காலை கம்பெனி பஸ் பிடித்துப் போய், ஊசி முனையையே பார்த்துக்கொண்டு அப்பர் தைக்கும் கண் எத்தனை வயது வரை கூர்மையாக இருக்கும்? நாமும் உடம்பைப் போட்டுத்தானே பிழைக்கிறோம்? நமக்கு யாரும் கை தட்டுவதில்லை, டி.வி.யில் காட்டுவதில்லை. அதனாலேயே நம் உடம்புக்கும் ஒரு கெடு இருப்பது நமக்கு உறைப்பதில்லை.

பிராண்டன் சில்லர் ஆடிய அந்த லீக்கில் மூன்று சீசன் கணக்கில் ஏறிவிட்டால் பிற்காலத்தில் பென்ஷன் உரிமை உண்டு. நமக்கு? பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், 58 வயதில் கிடைக்கும். ஆனால் நம் ஊர்ப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கல்யாணம் வந்தால் பி.எஃப். பணத்தை எடுத்துவிடுகிறார்கள். பிள்ளை பிறந்தால் வேலையை விடுகிறார்கள், அப்போது ஒரு தடவை எடுக்கிறார்கள். நாலு வருஷம் ஒரு கம்பெனி, மூன்று வருஷம் இன்னொன்று. பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்த வருஷங்கள் கணக்கிலிருந்து போய்விடும். இருபது வருஷம் தைத்தவர் கையில் பத்து வருஷத்துக்கான சர்வீஸ் கூட இருக்காது. எடுக்காமல் பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் எல்லா வருஷமும் ஒன்றாகச் சேரும். பி.எஃப். கணக்குகளை இணைக்கும் யு.ஏ.என். நம்பர் ஒன்றே ஒன்று இருந்தால் போதும்.

ஈ.எஸ்.ஐ.யும் அப்படித்தான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, நம் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றேகால் ரூபாய். அடிபட்டு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் அதில் ஈட்டுத் தொகை உண்டு. ஒப்பந்தக்காரர் மூலமாகப் போகிறவர்கள் தங்கள் பெயர் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தீர்களா? பிடித்தம் செய்கிறார்களே, போய்ச் சேருகிறதா?

பிள்ளையிடம் ‘அடிபட்டால் என்ன செய்வாய்?’ என்று கேட்கிற உரிமை, முதலில் தன் கணக்கைச் சரிபார்த்த அப்பா அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். பையனை மைதானத்துக்கு அனுப்புங்கள். பிளஸ் டூ முடிக்க வேண்டும், கல்லூரியில் சேர வேண்டும், இந்த இரண்டிலும் பேரம் கிடையாது என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போய், அவன் உடம்புக்கு எந்த ஆட்டம் பொருந்தும் என்று பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டால் மறைக்காமல் சொல்லு என்று பழக்குங்கள். மயக்கமாக வந்தது, கண் இருட்டியது என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. கோப்பை பிறகு வரும்.

இன்னும் ஒன்று. வீட்டில் ஒரு பெண் பிள்ளையும் இருந்தால், இந்தப் பக்கத்தை அவளுக்கும் படித்துக் காட்டுங்கள். தம்பிக்கு மைதானம், அக்காவுக்கு அடுப்படி என்று எந்த ஒதுக்கீட்டிலும் எழுதவில்லை. வேலைகளும் சீட்டுகளும் அவளுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் வீட்டில் விளையாட்டு வழியாக வேலைக்குப் போனவர் இருந்தால், எப்படிப் போனார், எந்தச் சான்றிதழ் உதவியது, எங்கே இடித்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். பாதியில் விட்டவர்களும் எழுதுங்கள், அவர்கள் அனுபவம்தான் மற்றவர்களுக்கு அதிகம் பயன்படும். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். எழுத உட்காருவதற்கு முன்னால், இந்த வாரமே உங்கள் பி.எஃப். பாஸ்புக்கை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்